முதல் வெளிநாட்டு ரோடு ட்ரிப்: எங்கே தங்குவது என்பதில் நடக்கும் தவறுகள்

வெளிநாட்டில் முதன்முறையாகக் கார் எடுத்துச் சுற்றத் திட்டமிடும் பலரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். மேப்பைத் திறந்து, ஆசைப்பட்ட இடங்களையெல்லாம் குறித்து, கோடு போட்டு இணைத்துவிட்டு, எந்த இடத்தில் பொழுது சாய்கிறதோ அங்கே ஒரு ஓட்டலைப் பதிவு செய்கிறார்கள். ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது இரவுகளை. எந்த ஊரில் எத்தனை ராத்திரி என்று உறுதியாகிவிட்டால், பகலில் எதைப் பார்க்க முடியும், எதை விட்டுவிட வேண்டும் என்பது தானாகத் தெளிந்துவிடும்.

எனக்கு இது நியூசிலாந்தில்தான் உறைத்தது. குயின்ஸ்டவுனில் நான்கு இரவுகள் போட்டிருந்தோம். மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழைந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்ட் மேப்பில் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. நேர்க்கோட்டில் 70 கி.மீ. அளவுதான். ஆனால் நடுவில் மலைத்தொடர். சாலை தெற்கே இறங்கி, தே அனாவ் என்ற ஏரிக்கரை ஊரைத் தொட்டு, மறுபடி வடக்கே ஏறுகிறது. ஒரு வழிக்கே சுமார் 290 கி.மீ., நிற்காமல் ஓட்டினாலே நான்கு மணி நேரம். படகு கிளம்பும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற பதற்றத்தில், மலையைத் தலைகீழாகக் காட்டும் மிரர் லேக்ஸ் பலகையைப் பார்த்தும் வண்டியை நிறுத்தவில்லை. திரும்பும்போது இருட்டிவிட்டது. பின்சீட்டில் எல்லோரும் தூங்கிப்போக, நான் கண்ணாடியை இறக்கிவிட்டு, முகத்தில் அடிக்கும் குளிர்காற்றை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தேன். அது ஆபத்து என்று அப்போதே தெரியும். ஆனால் ரூம் குயின்ஸ்டவுனில், பெட்டிகளும் அங்கே. அந்த நான்கில் இரண்டு இரவுகளை தே அனாவில் போட்டிருந்தால் மில்ஃபோர்டுக்கு 120 கி.மீ.தான். டூர் பஸ்கள் வந்து குவியும் முன்பே போய் நின்றிருக்கலாம்.

அதனால் தூரத்தை எப்போதும் மணிக்கணக்கில் பாருங்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் தெற்கு விளிம்பிலிருந்து வடக்கு விளிம்பு சராசரியாக 16 கி.மீ. தள்ளித்தான் இருக்கிறது. காரில் போனால் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு சுமார் 350 கி.மீ., ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஸ்காட்லாந்தின் வடக்கில் பல இடங்களில் சாலையே ஒரு வண்டி அகலம்தான். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குவதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் நின்று வழிவிட வேண்டும். அந்த இடத்தில் போட்டோ எடுக்க வண்டியை நிறுத்தவும் கூடாது. மேப் காட்டும் நேரத்தில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். மூன்று மணி நேரம் என்று காட்டினால் நாலரை. இரண்டு மணி நேரம் ஓட்டினால் குறைந்தது 15 நிமிடம் ஓய்வெடுங்கள் என்று பிரிட்டனின் சாலை விதிநூல் சொல்கிறது. சாலையும் விதிகளும் புதிதாக இருக்கும்போது அதை அப்படியே பின்பற்றுங்கள். ஜப்பானில் இந்த ஓய்வுக்கென்றே சாலையோரம் ‘மிச்சி நோ எக்கி’ நிலையங்கள் இருக்கின்றன. கழிப்பறையும் பார்க்கிங்கும் 24 மணி நேரமும் திறந்திருக்கும்.

முதல் இரவு விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. ராத்திரி முழுக்க விமானத்தில் தூங்காமல் வந்து, இறங்கிய கையோடு கார் சாவியை வாங்கி 250 கி.மீ. ஓட்டத் திட்டமிடுகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பழகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஓட்ட வேண்டிய நாடாக இருந்தால் இன்னும் மோசம். இண்டிகேட்டர் போடப் போனால் வைப்பர் ஓடும். ரவுண்டானாவில் கண் தப்பான பக்கம் பார்க்கும். முதல் ராத்திரி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். தூங்கி எழுந்து, மறுநாள் காலை நெரிசல் அடங்கிய பிறகு காரை எடுங்கள். ஒரு நாள் வாடகையும் மிச்சம்.

அடுத்த தவறு, தினம் ஒரு ஊர். பட்டியலில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காலையில் பெட்டி கட்டி, பதினொரு மணிக்குள் ரூமைக் காலி செய்து, அடுத்த ஊரில் மூன்று மணி வரை ரூம் கிடைக்காமல் காத்திருப்பதிலேயே பாதி நாள் போய்விடும். அந்த இடைவெளியில் எல்லாப் பெட்டிகளும் காருக்குள். சுற்றுலாப் பயணிகள் நிறுத்தும் பார்க்கிங்கைத்தான் கண்ணாடி உடைக்கும் திருடர்கள் குறிவைப்பார்கள். இறங்கி நடக்கவும் மனம் வராது. ஒரு ஊரில் இரண்டு மூன்று இரவுகள் தங்கி, அங்கிருந்து சுற்றுவட்டாரத்துக்குப் போய் வாருங்கள். ஐஸ்லாந்தைச் சுற்றிவரும் ரிங் ரோடு சுமார் 1,300 கி.மீ. அதை ஐந்து நாளில் முடித்தேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. முதல் பயணத்துக்கு எட்டு நாளாவது ஒதுக்குங்கள், முடியாவிட்டால் தெற்குக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெரிய நகரங்களில் கார் ஒரு சுமை. இத்தாலியின் பழைய நகர மையங்கள் பலவற்றில் அனுமதியில்லாத வண்டிகள் நுழையவே கூடாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துவிடும். யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். ஊர் திரும்பி மாதக்கணக்கான பிறகு அபராதம் வரும், வாடகை நிறுவனம் அதற்கு மேல் தன் கட்டணத்தையும் பிடித்துக்கொள்ளும். ஓட்டல் அந்த எல்லைக்குள் இருந்தால், உங்கள் வண்டி எண்ணைப் பதிவு செய்து தருவார்களா என்று புக் செய்யும்போதே கேளுங்கள். ஃப்ளோரன்ஸுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஏ1 நெடுஞ்சாலையை ஒட்டியே வில்லா கோஸ்தான்சா பார்க்கிங் உண்டு. காரை அங்கே விட்டால் டிராம் நேராக ஊருக்குள் கொண்டுபோய் விடும்.

அப்புறம் பருவம். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவைக் கிழக்கு நோக்கிக் கடக்கும் தியோகா கணவாய் வழக்கமாக நவம்பர் வாக்கில் மூடி, மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். மூடியிருந்தால் அடுத்த ஊர் பல மணி நேரச் சுற்று. ரூமுக்குப் பணம் கட்டும் முன், நடுவில் இருக்கும் மலைச்சாலை அந்த மாதத்தில் திறந்திருக்குமா என்று பாருங்கள்.

வெளிச்சமும் ஒரு கணக்கு. டிசம்பர் கடைசியில் ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில் பகல் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் அந்தி சாயும் நேரத்தில் கங்காருகள் சாலைக்கு வந்துவிடும். தொலைதூரப் பகுதிகளில் இருட்டிய பிறகு ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று சில வாடகை ஒப்பந்தங்கள் சொல்கின்றன. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ரூமுக்குப் போய்ச் சேருகிற மாதிரி ஊரைத் தேர்ந்தெடுங்கள். சின்ன ஊர்களில் ரிசப்ஷன் எத்தனை மணிக்கு மூடும், பெட்ரோல் பங்க் எத்தனை மணி வரை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசி இரவும் முதல் இரவு போலத்தான். விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். டேங்கை முந்தைய மாலையே நிரப்பிவிடுங்கள். முடிந்தால் பகல் வெளிச்சத்தில் காரைத் திருப்பிக் கொடுத்து, நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, சாவியை ஆளிடம் நேரில் ஒப்படையுங்கள்.