மலையேற்றத்துக்கு முன் கியர் கேபிளை இழுத்துவிடுங்கள்

புதிய ரோடு பைக்கில் (சாலையில் வேகமாக ஓட்டும் கியர் சைக்கிளில்) கொல்லிமலை போன்ற ஏற்றத்துக்குப் பயிற்சி தொடங்கும் முன், செயினைப் பின்புறத்தின் மிகச் சிறிய பல்சக்கரத்தில் நிறுத்தி, பெடலைச் சுற்றாமல், சட்டத்தின் கீழ்க்குழாயை ஒட்டி வெளியே தெரியும் கியர் கேபிளை விரலால் வில்லின் நாணைப்போல் நான்கைந்து முறை அழுத்தமாக இழுத்துவிடுங்கள். பிறகு கேபிள் தொய்ந்திருந்தால், பின் டெரெய்லரில் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவியில்) கேபிள் நுழையும் இடத்திலுள்ள திருகு உருளையைக் கால் சுற்று, கால் சுற்றாக இடப்புறம் திருப்பிக் கேபிளை இறுக்குங்கள்.

முதல் சில வாரங்களில் கேபிள் நீள்வதாகப் பலரும் சொன்னாலும், பெரும்பாலும் நடப்பது அதன் உறைகளும், உறை முனைகளில் மாட்டியிருக்கும் சிறு மூடிகளும் தத்தம் இடத்தில் அழுந்தி உட்காருவதுதான். அந்தத் தொய்வு தானாக வரும்வரை காத்திருந்தால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே, மிகவும் தேவைப்படும் பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் ஏறாமல் கடகடக்கும்.

மின்னணு கியருக்கு இது பொருந்தாது. கேபிள் முழுவதும் சட்டத்துக்குள் மறைந்திருக்கும் வண்டிகளில் கையால் இழுக்கவும் வழியில்லை. டெரெய்லரைத் தாங்கும் கொக்கி வளைந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.