மிருதங்கம்: இரண்டு கைக்கும் ஒரே பாடம்

பெரியவர்கள் மிருதங்கம் கற்க வந்தால் சீக்கிரமே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். "வலது கை ஓடுது, இடது கை வரமாட்டேங்குது. இடது கைக்கு மட்டும் தனியா சாதகம் பண்ணட்டுமா சார்?" வேண்டாம் என்றுதான் சொல்வேன். தனியாக நன்றாகப் பழகிய இடது கை, வலது கையோடு சேர்ந்தவுடன் மறுபடி தடுமாறும். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது முகத்தில், எப்படி அடிப்பது என்று அதற்குத் தெரியும். வலது முகமான வலந்தலையில் ஓர் அடி விழுந்ததும் தான் எப்போது விழ வேண்டும் என்பதுதான் தெரியாது. அது சேர்ந்து வாசித்தால் மட்டுமே வரும். ஒரு கையைத் தனியாக வைத்துக்கொள்வது நாதத்தைச் சரிபார்க்க மட்டும். அதுவும் கொஞ்ச நேரம் போதும்.

முதலில் வாய். கையை வாத்தியத்தில் வைக்கும் முன் "தா தீ தொம் நம்" என்று ஆதி தாளம் போட்டுச் சொல்லுங்கள். எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, கொண்ட ஒரு சுற்றுதான் ஓர் ஆவர்த்தனம். அட்சரத்துக்கு ஒரு சொல் வரும் முதல் காலத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு இரண்டு தடவை, அதன் இரட்டை வேகமான இரண்டாம் காலத்தில் நான்கு, அதற்கும் இரட்டையான மூன்றாம் காலத்தில் எட்டு. தாளத்தை மாற்றாமல் மூன்று காலமும் வாயில் வந்த பிறகுதான் கைக்குப் போக வேண்டும். வாய் குழறும் இடத்தில் கை நிச்சயம் குழறும். வாய்க்கு இடம், வலம் கிடையாது. நான்கு சொல்லும் ஒரே வரிசையாக மனதில் உட்கார்ந்துவிட்டால், எந்தச் சொல் எந்தக் கைக்கு என்று பிரித்துக் கொடுப்பது மட்டுமே பாக்கி.

எங்கள் பாடத்தில் அது இப்படிப் பிரியும். தா, இடது உள்ளங்கை தொப்பியில் மூடிய அடி. தீ, வலது கையின் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் சேர்ந்து வலந்தலையின் கறுப்பு வட்டத்தில். தொம், தொப்பியில் திறந்த அடி. விழுந்தவுடன் கை எழுந்துவிட வேண்டும். நம், வலது ஆட்காட்டி விரல் வலந்தலையின் வெளி வளையமான மீட்டில், மோதிர விரல் கறுப்பு வட்டத்தின் ஓரத்தை லேசாகத் தொட்டபடி. குருவுக்குக் குரு இது மாறும், உங்கள் வாத்தியார் சொல்வதே சரி.

இங்கே ரவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாசிக்கும் முன் தொப்பியின் நடுவில் பிசைந்த ரவையை ஒட்டுகிறோம். அது காய்ந்துவிட்டால் தொம்மில் கனம் போய்விடும். உடனே கற்பவர் இடது கையை ஓங்கி அடிக்க ஆரம்பிப்பார். ஓங்கினால் கை தூரம் போய்த் திரும்ப வேண்டும், அடி தாமதமாகும். "இடது கை பிந்துது" என்று வருபவரிடம் முதலில் ரவையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். கொஞ்சம் தண்ணீர் தடவினாலே சில சமயம் சரியாகிவிடும்.

அடுத்தது மூட்டுகள். ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குப் போகும் இடத்தைத்தான் மூட்டு என்கிறேன். வரிசை உடைவது அங்கேதான், அதுவும் கடைசி நம்மிலிருந்து திரும்ப முதல் தாவுக்கு வரும்போது. எப்போதும் தாவில் தொடங்கி நம்மில் மூச்சு விடுவதால் அந்த ஒரு மூட்டு மட்டும் பழகாமலே கிடக்கிறது. அதனால் தொடக்கத்தை நகர்த்துங்கள்: தீ தொம் நம் தா. அப்புறம் தொம் நம் தா தீ. அப்புறம் நம் தா தீ தொம். நிறுத்தாமல், சொல்லிக்கொண்டே வாசிக்க வேண்டும். சலிப்பான பயிற்சிதான், ஆனால் இதைப் போல் பலன் தருவது வேறில்லை.

வேகத்துக்கு, சீராகத் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டு என்று வையுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு சொல், பிறகு இரண்டு, பிறகு நான்கு. மூன்றாம் காலத்தில் நிமிடத்துக்கு 200 அடி ஆகிவிடும். அங்கே பலருக்குத் தாவும் தீயும் ஒட்டிக்கொண்டு ஒரே அடியாக விழும். இது சோம்பல் இல்லை. மேசையில் இரண்டு ஆட்காட்டி விரல்களையும் கார் வைப்பர் போல ஒரே பக்கமாக, இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் விரல்கள் தாமாகவே கண்ணாடிப் பிம்பம் போல ஒன்றையொன்று பார்த்து உள்ளும் வெளியும் ஆடத் தொடங்கும். 1980களில் ஸ்காட் கெல்சோ என்ற ஆய்வாளர் பதிவு செய்தது இது. இரண்டு கையும் ஒரே சமயத்தில் ஒரே வேலையைச் செய்யத்தான் இழுக்கும். மாறி மாறி விழுவதைக் காப்பாற்ற நிதானம் தேவை. ஆகவே ஒட்டிக்கொண்டால் மெட்ரோனோமை உடனே இறக்குங்கள். தப்பாகவே ஓட்டினால் அந்தத் தப்பும் பாடமாகிவிடும்.

இரண்டு கைக்கும் வேறு வேறு கணக்கு வந்தால்? வலது கைக்கு மூன்று, இடது கைக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எண்ணிக்கையை ஒரே சமயத்தில் மனதில் ஓட்ட முயன்றால் ஒன்று கட்டாயம் விழும். "தகிட தகிட" என்று ஆறு எழுத்தாகச் சொல்லுங்கள். வலது கை ஒன்று, மூன்று, ஐந்தில். இடது கை ஒன்று, நான்கில். அதாவது முதல் தவுக்கு இரண்டு கையும், கிக்கு எதுவும் இல்லை, டவுக்கு வலது, அடுத்த தவுக்கு இடது, கிக்கு வலது, கடைசி டவுக்கு எதுவும் இல்லை. "சேர்ந்து, வலம், இடம், வலம்" என்று தொடையில் தட்டிப் பாருங்கள். இரண்டு கணக்காக இருந்தது ஒரே வரிசையாகிவிட்டது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். மாணவர் முகத்தில் வரும் மலர்ச்சியைப் பார்க்க வேண்டும்.

ஒரே உட்காரலில் மணிக்கணக்காக வேண்டாம். மாலையில் கொஞ்சம், மறுநாள் காலையில் கொஞ்சம். விரலால் தட்டும் ஒரு வரிசையைக் கற்றவர்கள், இரவு தூங்கி எழுந்த பின் இன்னும் வேகமாகத் தட்டினார்கள் என்று மேத்யூ வாக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் எழுதினார்கள். இரவு முரண்டு பிடித்த பாடம் காலையில் வருவதை நானும் மாணவர்களிடம் பார்க்கிறேன்.

இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் வலது கையால்தான் கற்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். அப்படியே வாசித்துத்தான் அவ்வளவு பெரிய வித்வான் ஆனார். இதற்கென்று தனி வாத்தியம் வாங்க வேண்டாம், மிருதங்கத்தைத் திருப்பி வைத்தால் போதும். மேலே சொன்ன பாடத்தில் வலது என்று வரும் இடமெல்லாம் இடது என்றும், இடது என்று வரும் இடமெல்லாம் வலது என்றும் வாசித்துக்கொள்ளுங்கள்.