லோடு சைக்கிள் நின்ற இடத்தில் சாய்வது ஏன்?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் தெருவுக்குத் தெரு தண்ணீர் கேன் சைக்கிள் நிற்கும். ஒரு கேன் 20 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 20 கிலோ. ஓடும்போது இந்தப் பாரம் பெரிய தொல்லை இல்லை. நிறுத்திவிட்டுச் சுமையில் கை வைக்கும்போதுதான் பெரும்பாலும் வண்டி சாய்கிறது.

ஒரு பக்கத்துக் கேனை மட்டும் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மறுபக்கக் கேன், ஸ்டாண்டின் இரண்டு கால்களுக்கும் வெளியே தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் போகிற ஆட்டோ லேசாக உரசினால் போதும். வீட்டுக்காரருக்கு ஒரு கேன்தான் வேண்டும் என்றாலும், மிச்சத்தையும் இறக்கிச் சக்கரத்தோரம் தரையில் வைத்துவிட்டுப் போங்கள். அரை நிமிடச் சோம்பலில்தான் கேன் உடைகிறது. கேரியர் மேலேயும் ஒன்று இருந்தால் முதலில் அதை இறக்க வேண்டும். பக்கக் கேன்கள் அப்புறம். ஏற்றும்போது இதற்கு நேர் எதிர்: பக்கங்கள் முதலில், மேலே உள்ளது கடைசியில். முதல் பக்கத்தை மாட்டியதும் மறுபக்கம் மாட்டும்வரை வண்டியை இடுப்பால் அணைத்துக்கொள்ளுங்கள்.

பாரம் இருக்கும்போது சைடு ஸ்டாண்டை நம்பவே கூடாது. அது இடது பக்கம் இருக்கிறது. நம் தெருக்களில் மழைத்தண்ணீர் வடிய ஓரம் தாழ்ந்திருக்கும். இடது ஓரமாக நிறுத்தினால், ஏற்கெனவே இடது பக்கம் சாய்ந்து நிற்கும் வண்டி கால்வாய்ப் பக்கம் இன்னும் சாயும். வண்டியைத் திருப்பி நிறுத்தினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அப்போது அது ரொம்ப நிமிர்ந்து நிற்கும், சின்ன இடியில் மறுபக்கம் கவிழும்.

டபுள் ஸ்டாண்டு போடும்போது திசை முக்கியம். பின்னுக்கு இழுத்துத்தானே ஸ்டாண்டு போடுகிறோம்? முன்னே தள்ளினால் அது விடுபட்டுவிடும். அதனால் வாசலில் கட்டிய சிமெண்டுச் சரிவிலோ பாலம் இறங்கும் இடத்திலோ முன்சக்கரம் பள்ளத்தைப் பார்த்து நின்றால், பாரமே வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும். முன்சக்கரம் மேட்டைப் பார்க்கட்டும். சமதளம் கிடைத்தால் இன்னும் நல்லது.

காசிமேட்டில் வேறு சிக்கல். மீன் நிறைந்த அன்னக்கூடையைக் கேரியரின் கடைசியில் கட்டிவிடுவார்கள். ஸ்டாண்டு பின்சக்கர அச்சில் இருப்பதால், எடை அதற்குப் பின்னால் போனதும் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஹேண்டில் தானாகத் திரும்பும், வண்டி மல்லாக்கப் போகும். கூடையை சீட்டை ஒட்டி முன்னால் தள்ளிக் கட்ட வேண்டும். கட்ட பழைய டியூப்தான் சிறந்தது. நைலான் கயிறு ஈரத்தில் வழுக்கும், டியூப் இறுக்கிப் பிடிக்கும். அந்த டியூபில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டால் இன்னொரு வேலைக்கும் ஆகும். நிறுத்தியதும் முன் பிரேக்கைப் பிடித்து, ஹேண்டில் பிடியோடு சேர்த்துச் சுற்றிவிட்டால் முன்சக்கரம் உருளாது. ஆனால் ஹேண்டில் திரும்புவதை அது தடுக்காது. அதற்கு ஹேண்டிலையும், சீட்டுக்கு முன்னால் உள்ள பாரையும் (குறுக்குக் குழாய்) சேர்த்து ஒரு துண்டால் கட்ட வேண்டும். ஹேண்டிலில் பை மாட்டியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

மணலிலும் சித்திரை வெயிலில் இளகிய தாரிலும் ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் மெல்ல இறங்கும். இரண்டு காலும் சேர்ந்து நிற்கும்படி அடியில் ஒரு பலகைத் துண்டு போட்டால் போதும்.

சுவரில் சாய்ப்பவர்கள் சீட்டையோ கேரியரையோ சாய்க்கட்டும். ஹேண்டில் சுவரில் பட்டால் திரும்பி வழுக்கிவிடும். தெருவோர மின்சாரப் பெட்டியில் மட்டும் எக்காரணத்துக்கும் சாய்க்காதீர்கள், மழைக்காலத்தில் அது உயிருக்கே ஆபத்து.

ஸ்டாண்டுக் கால்கள் தேய்வதையும் பலர் கவனிப்பதில்லை. ஒன்று மற்றதைவிடக் குட்டையாகிவிட்டால் எந்தச் சமதளத்திலும் வண்டி கோணலாகத்தான் நிற்கும். அடியில் அகலமான இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்துகொள்ளலாம்; மணலில் புதைவதும் அதோடு குறையும். கடைக்குக் கொண்டுபோகும்போது பின்சக்கர நட்டையும் முறுக்கித் தரச் சொல்லுங்கள். ஸ்டாண்டைப் பிடித்திருப்பதும் அதே நட்டுதான்.