வருஷத்துக்கு எத்தனை தோட்டா? கணக்கு சறுக்கும் இடங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சில பழைய வீடுகளில் தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி இன்னும் லைசென்ஸோடு இருக்கிறது. அந்த வீட்டுப் பேரன்களில் ஒன்றிரண்டு பேருக்கு இப்போது ட்ராப், ஸ்கீட் என்னும், பறக்கும் மண்தட்டைச் சுடும் போட்டிகள் மேல் கண். பக்கத்துப் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ட்ராப் குழுத் தங்கம் வாங்கியதும், மறுவருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டதும் அந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றியிருக்கும். ஆசை வந்ததும் வரும் கேள்வி: வருஷத்துக்கு எத்தனை தோட்டா ஆகும்? பற்று வரவும் ஐந்தொகையும் எழுதியே பேர் வாங்கிய ஊர்க்காரர்கள்தான். ஆனாலும் இந்த ஒரு கணக்கில் கோட்டை விடுகிறார்கள்.

பலரும் பெரியவர்களைக் கேட்டுத்தான் தொடங்குகிறார்கள். "எங்க ஐயா ஒரு பெட்டியை மாசக்கணக்கா வச்சிருந்தாக" என்று பதில் வரும். அது வேட்டைக் கணக்கு. முயலுக்கும் கவுதாரிக்கும் காத்திருந்து, நாள் முழுக்க அலைந்து, நாலைந்து தோட்டா சுட்டால் அதிகம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தக் கதை படிப்படியாக முடிந்தது. மண்தட்டு சுடுவது வேறு ஜாதி ஆட்டம். 25 தட்டு கொண்ட ஒரு சுற்று முடிவதற்குள் தாத்தாவின் பெட்டி காலி.

அடுத்தது, நன்றாகப் படித்தவர்களே விழும் குழி. ஒரு தட்டுக்கு ஒரு தோட்டா என்று போட்டுப் பெருக்கிவிடுவார்கள். ஸ்கீட்டுக்கு அது சரி. எட்டு நிலைகளில் மாறி மாறி நின்று சுட வேண்டும்; மேல் கூண்டிலிருந்தும் கீழ்க் கூண்டிலிருந்தும் தட்டு வரும்; ஒன்றுக்கு ஒரே வெடி. ட்ராப்பில் அப்படி இல்லை. சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் பள்ளத்துக்குள் தட்டு வீசும் எந்திரங்கள். ஒவ்வொரு நிலைக்கும் எதிரே மூன்று. "புல்" (pull) என்று குரல் கொடுத்ததும் அந்த மூன்றில் எதிலிருந்து வரும், இடமா வலமா, தெரியாது. 110 மில்லிமீட்டர் அகலத் தட்டு விலகிப் பறக்கும். முதல் வெடி தப்பினால் இரண்டாவது குழலைப் பயன்படுத்தலாம். அதில் உடைந்தாலும் அதே ஒரு மதிப்பெண்தான். இறுதிச் சுற்றில் மட்டும் ஒற்றை வெடி.

இதைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். புதிதாக வந்தவர் 25 தட்டில் பத்தைத்தான் முதல் வெடியில் உடைக்கிறார் என்றால் மீதி 15க்கும் இரண்டாவது தோட்டா போகும். ஆக ஒரு சுற்றுக்கு 40. தேறியவர் இருபதை முதலிலேயே உடைத்தால் 30. மாதம் இரண்டு ஞாயிறு, ஒவ்வொரு ஞாயிறும் நாலு சுற்று என்று வைத்தால் ஸ்கீட்காரருக்கு வருஷம் 2400 தோட்டா. அதே ஞாயிறுகளில் ட்ராப் கற்றுக்கொள்பவருக்கு 3840. வித்தியாசம் 1440. 250 தோட்டா கொண்ட பெரிய பெட்டியில் கிட்டத்தட்ட ஆறு. கை தேறத் தேறச் செலவு குறையும் விளையாட்டு இது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள்; அதுவும் நிலைக்காது, கை தேறினால் சுற்று கூடும்.

போட்டி நாளைத் தனியாக எழுதாமல் விடுவதும் உண்டு. தகுதிச் சுற்று 125 தட்டு. அதற்கு முந்தைய நாள் பயிற்சிச் சுற்று, சமநிலை வந்தால் அதை உடைக்க மறுபடி சுடும் ஷூட் ஆஃப், எந்திரத்திலிருந்தே நொறுங்கி வந்த தட்டுக்கு அவசரப்பட்டுச் சுட்ட தோட்டா. நான் கேட்டால் மொத்தத்தில் பத்து சதவீதம் கூட்டித்தான் எழுதச் சொல்வேன்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து அந்த எண்ணிக்கையை இங்கே இறக்குவது இன்னொரு வகை. அமெரிக்காவில் விளையாட்டுச் சாமான் கடையில் பெட்டி பெட்டியாக வாங்கித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போகலாம். நமக்கு எல்லைக்கோடு லைசென்ஸில் இருக்கிறது. அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் தோட்டாவுக்கு இரண்டு எண் இருக்கும்: ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக் கூடியது ஒன்று, ஒரு வருஷத்தில் வாங்கக் கூடியது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "வருஷக் கோட்டாதானே" என்று மொத்தமாக வாங்கி வீட்டில் அடுக்கினால் அது சட்ட மீறல். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் வாங்கியதை அதிலேயே பதிவார். அந்தப் பதிவை உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கான ஷாட்கன் தோட்டா அளவை வருஷத்துக்கு 500இலிருந்து 5000 ஆக உயர்த்தியது. அதைக் கேள்விப்பட்டு எல்லா லைசென்ஸுக்கும் 5000 என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தற்காப்புக்கோ பயிர்க் காவலுக்கோ வாங்கிய லைசென்ஸுக்கு அது பொருந்தாது. நண்பருக்குத் தீர்ந்துவிட்டது என்று ஒரு பெட்டி கைமாற்றுக் கொடுப்பதும் கூடாது. அரிசி, பருப்பு இல்லை இது.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது, தோள் பழகாததைத் தோட்டாவைக் கொண்டு சரிசெய்வது. துப்பாக்கியை ஒரே மாதிரி கன்னத்துக்கும் தோளுக்கும் கொண்டுவரத் தெரியாதவர் நூறு தோட்டா சுட்டால், நூறு முறை தவறாகப் பழகுகிறார். இடைவிடாமல் சுட்டால் எழுபது எண்பது வெடிக்குப் பிறகு தோள் சுணங்கும், விசை இழுக்கும்போது கண் தானாக மூடும். அதற்கு மேல் சுடுவது காசைக் கரியாக்குவது. செட்டிநாட்டு வீட்டில் பயிற்சிக்கு நல்ல இடம் சும்மா கிடக்கிறது. துப்பாக்கியை மடித்து இரண்டு குழலும் காலி என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, தோட்டாவெல்லாம் வேறு அறையில் பூட்டில் இருக்க, வீட்டார் யாரும் இல்லாத ஹாலில் நில்லுங்கள். சுவரும் தேக்கு மச்சும் சேரும் கோட்டின் ஒரு மூலையில் குழல் முனையை வைத்து, கோட்டை விட்டு விலகாமல் மறுமூலை வரை இடுப்பைத் திருப்பி ஓட்டுங்கள். கையால் தள்ளினால் முனை உடனே கோட்டுக்குக் கீழே தொங்கும். எங்கே பிசகுகிறது என்று கண்ணுக்கே தெரியும். தினம் கால் மணி நேரம். தோட்டாச் செலவு பூஜ்யம்.

அந்தத் தாத்தா துப்பாக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழையவற்றில் பலவற்றுக்குத் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான். இன்றைய தோட்டா 70. வாய் மூடியிருக்கும்போது குட்டையாக இருப்பதால் உள்ளே போய்விடும். வெடித்து வாய் விரியும்போது இடம் போதாமல் அழுத்தம் ஏறும். துப்பாக்கி செப்பனிடுபவரிடம் அளந்து பார்க்காமல் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். 12 போரைவிடச் சின்ன அளவான 20 போர் (bore) தோட்டா தவறி 12 போர் குழலில் விழுந்து நடுவில் சிக்கி, அதன் பின்னால் 12 போர் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதற்காகவேதான் 20 போருக்கு மஞ்சள் உறை. பரணில் கிடந்த காகித உறைத் தோட்டாக்களை "இருப்பு" என்று கணக்கில் சேர்க்கவே வேண்டாம். புதியதையும் சித்திரை வெயிலில் கார் டிக்கியில் விட்டுவைக்கக் கூடாது. ஐப்பசி மழையில் ஈரம் பட்டால் தோட்டாவின் உலோக அடிப்பாகம் துருப்பிடிக்கும். முதலில் வாங்கியதை முதலில் சுடுங்கள்.

சுடுதளம் (ரேஞ்ச்) தொலைவில் இருக்கிறது என்று சொந்தத் தோப்பிலோ கண்மாய்க் கரையிலோ தட்டு வீசிச் சுட நினைப்பதும் வேண்டாம். தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன ஈய ரவைகூடச் சுமார் 200 மீட்டர் போய் விழும். ஒரு தோட்டாவில் 24 கிராம் ரவை என்றால், மேலே சொன்ன 3840 தோட்டாவில் 92 கிலோ ஈயம். கண்மாய்ச் சேற்றில் விழுந்ததை வாத்துகள் கல் என்று விழுங்கினால் விஷம். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை.

கடைசியாக, பன்னிரண்டு மாதமும் சுடலாம் என்று திட்டம் போடாதீர்கள். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பதிவு பெற்ற விளையாட்டு வீரர் விலக்குக் கேட்டு மனுக் கொடுக்கலாம், கொடுத்தாலும் பதில் வர நாளாகும். ஒப்படைக்கும்போது ரசீது வாங்கி லைசென்ஸோடு வையுங்கள். அந்த வருஷத்துக்கு ஒன்றரை, இரண்டு மாதத் தோட்டாவைக் கழித்தே வாங்குங்கள்.