பிள்ளைகள் உண்ணும் மரக்கறியையும் பழத்தையும் அளப்பது எப்படி?

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் விளையும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் தினமும் லொறிகளில் ஏறி நாடெங்கும் செல்கின்றன. அதே மலைகளில் வளரும் பிள்ளைகள் அவற்றில் எவ்வளவு உண்கிறார்கள் என்பதை விளைச்சலைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளையிடம் கேட்டும் உணவைத் தராசில் நிறுத்தும்தான் அறிய வேண்டும். இதை முதன்முதலாகச் செய்ய முனையும் ஆசிரியர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்குமாக இவ்விளக்கத்தை எழுதுகிறேன்.

படி 1: எது கணக்கில் சேரும் என்று முடிவுசெய்யுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல், நாளொன்றுக்கு 6 முதல் 9 வயது வரையானோர் குறைந்தது 350 கிராமும், 10 வயதும் அதற்கு மேற்பட்டோரும் 400 கிராமும் மரக்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்கிறது. உருளைக்கிழங்கு, வற்றாளை, மரவள்ளி போன்ற மாப்பொருள் நிறைந்த கிழங்குகள் இதில் சேரா. மலையகத்தில் இந்த விதி மிக முக்கியமானது. ஏனெனில் ரொட்டிக்கும் சோற்றுக்கும் உருளைக்கிழங்குக் கறியையே தொட்டுக்கொண்ட பிள்ளை, தான் மரக்கறி சாப்பிட்டதாகவே முழு நம்பிக்கையோடு சொல்லும். தேங்காய்ச் சம்பலையும் சேர்க்க வேண்டாம். வல்லாரைச் சம்பலில் கீரையை மட்டும் கணக்கிட்டுத் தேங்காய்ப்பூவை விட்டுவிடுங்கள். பலாக்காய், பருப்பு போன்று ஐயம் எழும் உணவுகளுக்கு இப்போதே ஒரு விதி வகுத்து எழுதிவைத்தால், கணக்கிடும் ஒவ்வொருவரும் வெவ்வேறு முடிவெடுக்கும் நிலை வராது.

படி 2: அனுமதி பெறுங்கள்

அதிபரின் சம்மதமும் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் கட்டாயம். விருப்பமில்லாத பிள்ளையை வற்புறுத்தக் கூடாது.

படி 3: கேளுங்கள்

தொடங்குபவருக்கு ஏற்றது 24 மணிநேர நினைவுகூரல் முறையாகும், அதாவது முந்திய நாள் முழுவதும் உண்டதை நினைவிலிருந்து சொல்லவைப்பது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் நினைவை மட்டும் நம்ப முடியாது. சமைத்துக் கொடுத்தவரையும் கேட்க வேண்டும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் தோட்ட வீடுகளில் அது பெரும்பாலும் பாட்டியாக இருக்கும். பிள்ளையைத் தனியே அமர்த்தி, "மகள், நேத்து காலையில எழும்புனதுல இருந்து ராத்திரி தூங்குற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, இடைமறிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் இடைவேளை, ரியூஷன், பக்கத்து வீடு என்று ஒவ்வோர் இடமாக நினைவூட்டி, விடுபட்டவற்றைக் கேளுங்கள். "மரக்கறி சாப்பிட்டீங்களா?" என்று நேரடியாகக் கேட்டால், ஆசிரியர் எதிர்பார்க்கும் பதிலே வரும். வகுப்பில் கைதூக்கச் சொல்லிக் கேட்பதை நான் முற்றாக எதிர்க்கிறேன். வெறும் சோற்றுடன் வந்த பிள்ளையை அது எல்லோர் முன்னிலையிலும் தலைகுனிய வைக்கும்.

அளவை அறிய, வீட்டில் பயன்படும் கரண்டியையும் கோப்பையையும் காட்டிக் கேளுங்கள். சமைத்த மரக்கறியில் குவித்த மூன்று மேசைக்கரண்டி ஏறத்தாழ 80 கிராம் ஆகும்.

படி 4: நாட்களைத் தெரிவுசெய்யுங்கள்

ஒரு பிள்ளையை அடுத்தடுத்து வராத இரண்டு நாட்களிலாவது கேட்க வேண்டும். பாடசாலை நாட்களில் மட்டும் கேட்டால் ஞாயிறு முதல் வியாழன் வரையான உணவே பதிவாகி, வெள்ளியும் சனியும் முற்றாக விடுபடும். வெள்ளிக்கிழமைகளில் பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை என்பதால் இது சிறிய இழப்பன்று. சனிக்கிழமை வீட்டுக்குச் சென்றோ, ஞாயிறு அறநெறி வகுப்பில் சந்தித்தோ கேட்டால் அந்த இடைவெளி நிரம்பும். சம்பளம் கிடைத்த வாரத்தையும் அதற்கு முந்திய வாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: சிலரிடம் நிறுத்துப் பாருங்கள்

பாடசாலையில் உணவு வழங்கப்பட்டால், பரிமாறிய மரக்கறியை ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசில் நிறுத்து, உண்டபின் தட்டில் மிஞ்சியதையும் நிறுத்துக் கழியுங்கள். குழம்பை வடித்துவிட வேண்டும். அன்றைய உணவை மறுநாள் அதே பிள்ளைகள் எவ்வளவு என்று சொல்கிறார்கள் என ஒப்பிட்டால், உங்கள் கேள்விமுறை எவ்வளவு நம்பத்தக்கது என்பது தெரியும்.

படி 6: கணக்கிடுங்கள்

உண்ணும் பகுதியை மட்டும் கூட்டுங்கள். தோலுடன் 100 கிராம் நிற்கும் வாழைப்பழத்தில் உண்பது ஏறத்தாழ 65 கிராமே. போஞ்சிக் கறி 40, கீரை 30, வாழைப்பழம் 65 என்றால் அன்றைய மொத்தம் 135 கிராம். கூடவே உண்ட உருளைக்கிழங்கு எவ்வளவானாலும் பூச்சியம்தான். இரண்டு நாட்களின் சராசரியே அப்பிள்ளைக்குரிய எண். வகுப்பு முழுவதற்கும் சராசரியைவிட இடையத்தை (எண்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் வருவதை) தருவது நேர்மையானது, ஏனெனில் நிறைய உண்ணும் சில பிள்ளைகள் சராசரியை உயர்த்திவிடுவார்கள். பழமே உண்ணாத பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தனியாகக் குறிப்பிடுங்கள். இரண்டு நாள் பதிவை வைத்து ஒரு தனிப் பிள்ளையைப் பற்றி எதுவும் தீர்மானிக்க முடியாது. ஆகவே அறிக்கையில் வகுப்பின் எண்கள் மட்டும் இருக்க வேண்டும், பெயர்கள் இருக்கக் கூடாது.