டப்ளின் வீட்டைக் காலி செய்யக் கேட்டபோது: என் அனுபவம்

டப்ளினில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாடகைக்கு விட்டிருந்த என் அடுக்குமாடி வீட்டை விற்பதற்காக, 2024ஆம் ஆண்டில் முகவர் மூலம் குடியிருப்பவருக்கு அனுப்பிய அறிவிப்பு செல்லாது என்று என் வழக்கறிஞர் கூறினார். அது மின்னஞ்சலில் மட்டுமே சென்றிருந்தது. சட்டமோ நேரில் கொடுப்பதையும், அந்த வீட்டில் வைத்துவிட்டு வருவதையும், தபாலில் அனுப்புவதையுமே ஏற்கிறது. அதைவிடப் பெரிய குறை, ஆர்.டி.பி. எனப்படும் குடியிருப்பு வாடகை வாரியத்துக்கு அதே நாளில் நகல் அனுப்பப்படாததுதான். 2022 ஜூலை முதல் இது கட்டாயம்.

ஆகவே புதிய அறிவிப்பைத் தயாரித்தோம். ஓராண்டு முதல் ஏழாண்டுக்குள் குடியிருப்பவருக்கு அப்போதைய விதிப்படி 180 நாள் அவகாசம் தர வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் அறிவிப்பே வீணாகும் என்பதால், தபால் தாமதத்தையும் கணக்கிட்டுச் சில நாள்களைக் கூட்டியே வைத்தேன். குடியிருப்பு முடிந்த ஒன்பது மாதங்களுக்குள் விற்பனை ஒப்பந்தம் செய்யும் நோக்கம் உள்ளது என்ற சட்டப்பூர்வ உறுதிமொழியில், அதற்கு அதிகாரம் பெற்ற ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அதையும் இணைத்தேன். தபால் அலுவலகச் சான்றையும் பத்திரப்படுத்தினேன்.

காத்திருந்த மாதங்களில், பூட்டை மாற்றிவிடச் சொன்ன நண்பர்களும் உண்டு. அது சட்டவிரோத வெளியேற்றம். அதற்கு வாரியம் 20,000 யூரோ வரை இழப்பீடு விதிக்கலாம் என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. குடியிருந்தவருக்கு அறிவிப்பை எதிர்க்கும் உரிமை இருந்தும் அவர் புகார் செய்யவில்லை; குறித்த நாளுக்கு முன்பே சாவியை ஒப்படைத்தார், நானும் முன்பணத்தை முழுமையாகத் திருப்பிக் கொடுத்தேன்.