கப்பலில் போய் எபேசு பார்க்கிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

ஏதென்ஸிலிருந்து கிரேக்கத் தீவுகளைச் சுற்றும் கப்பல்களில் பல, துருக்கியின் குஷாதாசி துறைமுகத்திலும் சில மணி நேரம் நிற்கின்றன. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் எபேசு என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகள். கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து கிளம்புகிறவர்கள் முதலில் விசாவைப் பாருங்கள். கிரேக்கம் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா ஒருமுறை மட்டும் நுழைவதாக இருந்தால் போதாது. துருக்கியில் இறங்கிவிட்டு மறுபடி கிரேக்கத் தீவுக்குப் போவது இரண்டாவது நுழைவு. துருக்கிக்குத் தனி விசா வேண்டுமா என்றும் கப்பல் நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

அரை நாளில் எல்லாவற்றையும் திணிப்பதுதான் பெரிய தவறு. எலத்தகிரி, கோவிலூர் பக்கத்திலிருந்து வருகிற கத்தோலிக்கர்களுக்கு, மரியன்னை வாழ்ந்ததாக நம்பப்படும், மலைமேல் இருக்கும் வீட்டைப் பார்க்காமல் திரும்ப மனம் வராது. சரி, பாருங்கள். ஆனால் சுற்றுலாவோடு ஒட்டி வரும் கம்பளக் கடையைத் தவிர்க்க முடியுமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். அங்கே போகும் நேரம் எபேசுவில் குறைகிறது.

ராயக்கோட்டை மலையேறிப் பழகிய கால்தானே என்று வெறும் செருப்போடு போகாதீர்கள். பளிங்குத் தெரு தேய்ந்து வழவழவென்று இருக்கும், சரிவு வேறு. பிடிமானமுள்ள ஷூ, தொப்பி, தண்ணீர் வேண்டும். நிழல் குறைவு. மேல் வாசலில் நுழைந்து கீழ் வாசலில் வெளியேறினால் முட்டிக்கு நல்லது. தனியாகப் போகிறவர்கள் கப்பல் கடிகாரத்தையே நம்புங்கள். தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

செல்சஸ் நூலகத்தின் முன் படம் எடுத்ததும் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். ரோமானிய ஆளுநரான செல்சஸின் கல்லறை அந்தக் கட்டடத்துக்கு அடியிலேயே இருக்கிறது. சரிந்து கிடந்த முகப்பை 1970களில் எடுத்து நிறுத்தினார்கள். மாடங்களில் இருக்கும் பெண் சிலைகள் நகல்கள், அசல் வியன்னாவில். அப்புறம், தனிச்சீட்டு என்பதற்காக, சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய பழைய பணக்காரர் வீடுகளை விட்டுவிடாதீர்கள். சுவரோவியமும் தரைச் சித்திரமும் அங்கேதான் அழியாமல் இருக்கின்றன.

சுமார் 25,000 பேர் அமரக்கூடிய அரங்கில்தான் பைபிளின் திருத்தூதர் பணிகள் 19ஆம் அதிகாரத்தில் வரும், பவுலின் போதனைக்கு எதிரான கலகம் நடந்தது. அதன் எதிரே தூண்களோடு நேராக ஓடும் தெருவின் முடிவில் துறைமுகம் இருந்தது. இன்று அங்கே தண்ணீர் இல்லை. ஆற்று வண்டல் மெல்ல மெல்ல நிரம்பிக் கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டது. வணிகம் போனது, ஊரும் போனது. கடல் வழியாக வருகிறவர்கள் இதைக் கவனிக்காமல் திரும்பினால் நகரம் ஏன் பாழானது என்பதே புரியாது.

கீழே கிடக்கிற சில்லு ஒன்றைக்கூடப் பையில் போடாதீர்கள். துருக்கியில் அது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபடலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அகழாய்வு நடந்த நம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று தெரிந்ததே, அந்த இரும்பு கிடந்த மண்ணடுக்கு கலையாமல் இருந்ததால்தான்.